புழுதியின் தீபாவளிக் குளியல்

கோத்தகிரியில் ஆவுடையப்பனை ஆவுடையப்பன் என்று கூப்பிட ஆள் கிடையாது. ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பால் ஊற்றுகிறவர், மளிகைக் கடைக்காரர், மாடி வீட்டு அம்மாள், எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்' ஆகிவிட்டார். கல்யாணச் சமையல் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கம் அவர் சமைத்த கல்யாணங்களில் மாப்பிள்ளை பெயரை மறந்தவர்கள் உண்டு, அன்றைக்கு வைத்த தேங்காய்ப்பால் சொதியை மறந்தவர்கள் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மாஸ்டர் அறுபது தாண்டின வயதில் ஒருத்தரிடம் சிஷ்யராகப் போய் உட்கார்ந்தார். அதுவும் மகள் வயதில் இருக்கிற ஒரு மிருக வைத்தியரிடம். அதற்குக் காரணம் புழுதி.

புழுதி என்பது ஒரு சிஞ்சில்லா. பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், முயல் காது கொஞ்சம் சுருங்கி, அணில் வால் கொஞ்சம் பெருத்து, இரண்டும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். சாம்பல் நிறம். தொட்டால் கை தொட்டதே தெரியாது, அவ்வளவு மெத்தென்ற ரோமம்.

அதை வளர்ப்பது மாஸ்டரின் மகள் கோமதி. தேயிலைக் கம்பெனி ஆபீஸில் வேலை. தீபாவளிச் சமயம் பார்த்து அவளை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். புழுதியை அப்பாவிடம் விட்டுப் போனாள். போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

"எப்பா, காஞ்ச புல்லுதான் இதுக்குச் சாப்பாடு. கூண்டுல அது எப்பவும் இருக்கணும். புல்லுருண்டை ஒரே ஒரு ஸ்பூன். பாட்டில்ல தண்ணி. அவ்வளவுதான். திராட்சை, முந்திரி, இனிப்பு, எதுவும் ஆகாது."

"சரிம்மா."

"தண்ணியில குளிப்பாட்டக் கூடாது. இந்த டப்பாவுல நைஸ் மண்ணு இருக்கு. சாயங்காலம் தட்டுல கொட்டி வச்சா அதுவே புரண்டு குளிச்சுக்கும்."

"சரிம்மா, சரி."

சரி சரி என்றாரே தவிர, காதில் எங்கே ஏறியது? அவர் மனசு அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. புல்லைத் தின்று, மண்ணில் குளித்து, இதுவும் ஒரு பிழைப்பா? ஒரு சமையல்காரன் வீட்டில் இருக்கிற ஜீவன் இப்படியா கிடக்கும்?

மாஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. பந்தியில் 'வேணுமா' என்று கேட்கக் கூடாது. கேட்டால் சாப்பிடுகிறவன் கூச்சத்தில் வேண்டாம் என்பான், வயிறு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே கேட்காமல் போடு. இலையில் பச்சை தெரியக் கூடாது. கேட்டுக் கேட்டுப் பரிமாறின பையன்களை அந்தப் பந்தி முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பந்தியில் ஏப்பச் சத்தம் கேட்டால்தான் அவருக்கு நெஞ்சு நிறையும்.

பந்தியோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. வீட்டிலும் அதே சட்டம். கோமதிக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பேசி முடித்து, மண்டபம் பிடித்து, சொதிக்குத் தேங்காய் வரைக்கும் சொல்லிவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"ஒரு நாளாவது என்னைக் கேட்டியாப்பா?"

அது ஒன்றுதான் சொன்னாள். அதன்பின் வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, தனியாகக் கிடக்கிறாரே என்று இப்போதுதான் கூட்டி வந்து வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டாளே தவிர, பேச்சு அளந்துதான். அவளாக நம்பி அவர் கையில் கொடுத்த முதல் உயிர் புழுதி. அதற்கு ஏதாவது ஆனால் மறுபடியும் பழைய மௌனம்தான் என்பது மாஸ்டருக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? அவள் பஸ் ஏறினதும் திராட்சைச் சம்புடத்தைத் திறந்துவிட்டார்.

ஒன்றை எடுத்து நீட்டினார். புழுதி முன்னங்கால் இரண்டாலும் வாங்கி, மனுஷக் குழந்தை மாதிரி உட்கார்ந்து கொறித்தது. மாஸ்டருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அடுத்து ஒரு முந்திரிப் பருப்பு. அடுத்து இன்னொரு திராட்சை. இப்படியே நாள் போயிற்று. கூண்டில் புல் வைத்தது வைத்தபடி இருந்தது.

"பாத்தியா, புல்லு எவனுக்கு வேணும்" என்று அதனிடமே சொன்னார்.

தீபாவளியும் வந்தது. தான் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறார், புழுதி கூண்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

நாளும் கிழமையுமாக வீட்டில் ஓர் உயிர் தலை காய்ந்து கிடக்கலாமா? மிளகு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை விரலால் தொட்டு அதன் உச்சியிலும் முதுகிலும் வைத்தார். அது துள்ளியது. பிடித்த பிடியில் கொத்தாக முடி கையோடு வந்தது. அப்போதாவது விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. வெந்நீரைப் பதமாக விளாவி, பாசிப்பயற்று மாவு தேய்த்து ஊற்றிவிட்டார். சீயக்காய் போடவில்லை. கண் எரியுமாம். ரொம்பத்தான் கருணை!

குளித்த புழுதி மூலையில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தது. திராட்சையை நீட்டினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அஜீரணம் என்று தானே முடிவு கட்டி, தான் கிளறின தீபாவளி லேகியத்தில் ஒரு மிளகளவு எடுத்து அதன் உதட்டில் தடவினார்.

மத்தியானம் ஆயிற்று. அது இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ரோமம் ஈரம் காயாமல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே சரவெடி சத்தம். உள்ளே மாஸ்டர் கூண்டையே சுற்றிச் சுற்றி வந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"எப்பா, தீபாவளி எல்லாம் ஆச்சா? புழுதி எப்படி இருக்கு?"

"அதுக்கென்னம்மா, ராஜா கணக்கா இருக்கு."

சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கூண்டைக் கம்பளியால் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் பியூலாவின் ஆஸ்பத்திரி சர்ச்சுக்குப் பின்னால் சரிவில் இருந்தது. ஊரே கடையடைத்துக் கிடக்க, அது ஒன்றுதான் திறந்திருந்தது. டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். ஒரு முயலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கோமதியோட புழுதி இல்லே இது?" என்றார்.

"நான் அவ அப்பா. சமையல் மாஸ்டர். டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க."

"என்ன கொடுத்தீங்க, மாஸ்டர்?"

"ஒண்ணும் கொடுக்கலையே."

டாக்டர் அவர் கையைப் பார்த்தார். அந்த ஓட்டத்திலும் திராட்சைச் சம்புடத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார் மாஸ்டர். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் கையை நீட்டினார். மாஸ்டர் சம்புடத்தைக் கொடுத்தார். டாக்டர் அதை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு மறுபடியும் கேட்டார்.

"என்ன கொடுத்தீங்க?"

மாஸ்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். திராட்சை, முந்திரி, எண்ணெய், பாசிப்பயறு, லேகியம். லேகியம் என்று சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது.

டாக்டர் திட்டவில்லை. புழுதியைத் துண்டில் பொதிந்து எடுத்தார். இன்னொரு துண்டால் ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"உங்க வீட்ல கார்ன்ஃப்ளவர் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு? குழம்புக்கா?"

"எண்ணெயை எடுக்க."

"ஈரத்துல மாவு போட்டாக் கட்டி தட்டிப் போகுமே, டாக்டரம்மா."

"அதான் முதல்ல காய வைக்கிறேன். நீங்க எடுத்துட்டு வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிப்போய்க் கொண்டுவந்தார். டாக்டர் ரோமத்தில் மாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, மெல்லிய பிரஷால் வாரி எடுத்தார். மறுபடி தூவினார். மறுபடி வாரினார். ஓர் ஊசி போட்டார். புல்தூளைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயோரம் துளித்துளியாக விட்டார். பாதி வெளியே வழிந்தது.

"பிழைச்சிருமா?"

"புழுக்கை போட்டா சொல்றேன்."

மாஸ்டர் முழித்தார்.

"இதுக்குக் குடல் நிக்கவே கூடாது, மாஸ்டர். புல்லு உள்ள போயிட்டே இருக்கணும். இதோட பல்லு சாகற வரைக்கும் வளரும், அது தேயறதுக்கும் புல்லுதான். இனிப்பு ருசி கண்டா புல்லைத் தொடாது. புல்லு போகலேன்னா குடல் நின்னுடும்."

"நின்னுட்டா?"

டாக்டர் சிரிஞ்சில் மறுபடி புல்தூளை நிரப்பினார். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் என்ன செய்யட்டும், டாக்டரம்மா? எதாவது சொல்லுங்க. கஷாயம் வைக்கவா? கஞ்சி காய்ச்சவா?"

"உட்காருங்க."

"உக்காந்துட்டு?"

"சும்மா உட்கார்ந்திருக்கணும்."

புழுதியை டாக்டர் அங்கேயே வைத்துக்கொண்டார். மாஸ்டர் காலையும் மாலையும் வந்து உட்கார்ந்தார். வரும்போது கை சும்மா இருக்குமா? ஒரு நாள் இடியாப்பம். ஒரு நாள் உளுந்தங்களி. டாக்டர் வாசலிலேயே கையை நீட்டி வாங்குவார். வாங்கி ஜன்னல் விளிம்பில், அந்தச் சம்புடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். பசித்தபோது எடுத்து, வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மூடி வைப்பார்.

ஏப்பமும் கிடையாது, பிரமாதம் என்ற பேச்சும் கிடையாது. மாஸ்டருக்கு அது பெரிய ஏக்கமாக இருந்தது.

ஒரு மாலையில் அவர் அடக்க மாட்டாமல் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலை, டாக்டரம்மா. நான் விஷத்தையா கொடுத்தேன்? பிரியமாத்தானே கொடுத்தேன். அதுவும் ஆசையாத்தானே வாங்கித் தின்னுச்சு. பிறகு எப்படித் தப்பாச்சு?"

டாக்டர் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கல்யாணச் சமையல் முடிஞ்சதும் நீங்க என்ன சாப்பிடுவீங்க, மாஸ்டர்?"

"நானா? ஒரு வாய் மோர் சோறு. தொட்டுக்கிட நார்த்தங்காய்."

"சொதி?"

"அடுப்படியில நின்னவனுக்கு அந்த வாடையே போதும்லா."

"பாயசம்?"

"ஐயோ, வயிறு என்னத்துக்காகும்."

"யாராவது பிரியமா வாயில ஊட்டினா?"

"கரண்டியாலயே ஒண்ணு வச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

டாக்டர் கைப்பிடி புல்லை எடுத்துக் கூண்டுக்குள் வைத்தார். புழுதி அதை முகர்ந்தது. ஒரு துரும்பை இழுத்தது. விட்டுவிட்டது. மறுபடி இழுத்தது.



மறுநாள் காலையில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருந்து குரல் வந்தது.

"மாஸ்டர், சீக்கிரம் வாங்க."

மாஸ்டர் உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்து பாருங்க."

கூண்டின் தரையில் கறுப்பாக, நீளவாக்கில், அரிசி அரிசியாகக் கிடந்தது. மாஸ்டர் குனிந்தார். மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான்."

"நல்லா இருக்கா?"

"நல்லாவே இருக்கு. பதமா இருக்கு."

பதம் என்ற சொல்லைக் கேட்டதும் மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ ஆயிரம் பேருக்கு இலை போட்ட மனுஷன், ஒரு கைப்பிடிப் புழுக்கையைப் பார்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நெஞ்சில் தீபாவளியிலிருந்து கிடந்த கல் இறங்கின அழுகை அது. புழுதி அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டது.

"சத்தத்தைக் கேட்டீயளா, டாக்டரம்மா?"

"கேட்டேன்."

"ஏப்பத்தைவிட நல்லா இருக்கே."

ரோமம் நன்றாகக் காய்ந்து, எண்ணெய்ப் பிசுக்குப் போன அன்றைக்கு டாக்டர் ஒரு தட்டில் மண்ணைக் கொட்டிக் கூண்டுக்குள் வைத்தார். மாவு மாதிரி நைஸான மண். புழுதி ஓரத்தில் நின்று யோசித்தது. ஒரு காலை வைத்தது. அப்புறம் பொத்தென்று விழுந்து புரண்டது பாருங்கள்! இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. எழுந்து நின்று உதறியது. ஆஸ்பத்திரி பூராவும் தூசு. மாஸ்டர் தும்மித் தீர்த்தார்.

"அட கிறுக்குப் பயலே! இதுவா குளியல்?"

"இதுதான் அதோட எண்ணெய்க் குளியல்" என்றார் டாக்டர்.

புழுதி பிழைத்தது சரி. ஆனால் அது மாஸ்டரைக் கண்டால் மூலைக்கு ஓடியது. அவர் கை கூண்டுப் பக்கம் வந்தாலே பின்வாங்கி நிமிர்ந்து நின்று கத்தியது. கொத்தாக முடி போன இடத்தில் இன்னும் வழுக்கையாகத்தான் இருந்தது.

"என்னை மன்னிக்கவே செய்யாதா?"

"கையைத் தரையில வைங்க."

மாஸ்டர் கூண்டுக்குள் கையை விட்டுத் தரையில் வைத்தார்.

"மலர்த்தி."

மலர்த்தினார். மற்றொரு கை ஜன்னல் விளிம்பைத் துழாவியது.

"அதுல என்ன வைக்கட்டும்? புல்லு வைக்கவா?"

"ஒண்ணும் வேணாம்."

"வெறுங்கையாவா?"

"ஆமா."

"வெறுங்கையை நீட்டிக்கிட்டு உக்காந்தாப் பிச்சை கேக்குற மாதிரில்லா இருக்கு, டாக்டரம்மா."

"கேளுங்களேன்."

மாஸ்டர் திரும்பி டாக்டரின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

உட்கார்ந்தார். கை மரத்தது. கொடுத்தே பழகின கை, என்ன செய்வதென்று தெரியாமல் விரலை விரலைச் சுருக்கியது. சுருங்கினபோதெல்லாம் புழுதி பின்னால் போனது. அசையாமல் இருந்தபோது நின்று பார்த்தது. அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. "போ, நீயாச்சு உன் புல்லாச்சு" என்று எழுந்து போனார். மாலையில் வந்து மறுபடியும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வர வர அவர் பேசுவதுகூடக் குறைந்தது. புழுதி எப்போது தண்ணீர் குடிக்கிறது, எந்தப் புல்லை முதலில் எடுக்கிறது, எதை ஒதுக்குகிறது என்று பார்த்தபடி இருப்பார். "தண்டைத் தின்னுது, இலையை ஒதுக்குது. கீரையில நாம செய்யிறதுக்கு நேர் எதிரு" என்று ஒரு நாள் சொன்னார். டாக்டர் தலையாட்டினார்.

ஒரு மாலை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஏதோ பட்டது. மீசை. அப்புறம் மூக்கு. முகர்ந்தது. விரல் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் போகவில்லை. முன்னங்கால் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

மாஸ்டர் மூச்சுவிடவே பயந்தார்.

"டாக்டரம்மா" என்றார் குரலே வராமல். "ஒண்ணுமே கொடுக்கலையே. எதுக்கு வந்தது?"

டாக்டர் விளக்கைக் கொஞ்சம் குறைத்தார்.

கோமதி ஊரிலிருந்து திரும்புகிற நாள் வந்தது. போனில் அவளிடம் ராஜா கணக்கா இருக்கு, ராஜா கணக்கா இருக்கு என்று சொல்லிச் சொல்லி வண்டியை ஓட்டியிருந்தார். புழுதியின் எண்ணெய்ப் பிசுக்கை டாக்டர் எடுத்துவிட்டார். இந்தப் பொய்ப் பிசுக்கை யார் எடுப்பது?

விடியற்காலையில் எழுந்து சமைத்தார். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் காரக்கறி, வடை, பாயசம். பெரிய அடுக்குக் கேரியர் நிறைய. முதலில் அவளைச் சாப்பிட வைக்க வேண்டும், வயிறு நிறைந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 'புழுதிக்கு நகம் வெட்ட வந்தேன், ஆஸ்பத்திரிக்கு வந்துரு' என்று அவளுக்குப் போன் போட்டுவிட்டு, கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

டாக்டர் வாசலில் கையை நீட்டினார்.

"இது உங்களுக்கில்ல டாக்டரம்மா. மகளுக்கு."

டாக்டர் நீட்டின கையை எடுக்கவில்லை.

மாஸ்டர் கேரியரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கொடுத்தார். கேரியர் ஜன்னல் விளிம்புக்குப் போயிற்று.

"நீங்களே அவகிட்ட பக்குவமாச் சொல்லிருங்களேன்" என்று கெஞ்சினார்.

"என்னைக் கேட்டா சொல்றேன்."

டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் கோமதி வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் கூண்டுக்குப் போனாள். குனிந்தாள். வழுக்கையைப் பார்த்தாள்.

"எப்பா, இது என்ன?"

மாஸ்டர் கையைப் பார்த்தார். கையில் ஒன்றுமில்லை.

"எண்ணெய் தேய்ச்சேன்."

"என்னது?"

"தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன். அதுக்கு முன்ன திராட்சை கொடுத்தேன், முந்திரி கொடுத்தேன். அது படுத்துட்டு. அஜீரணம்னு லேகியமும் கொடுத்தேன். சாகக் கிடந்தது. டாக்டரம்மாதான் பிழைக்க வச்சாங்க. உன்கிட்ட போன்ல சொன்னதெல்லாம் பொய்."

கோமதியின் முகம் சிவந்துவிட்டது.

"எத்தனை தடவைப்பா சொன்னேன்? போகும்போது எத்தனை தடவை சொன்னேன்?"

"சொன்னே. நான் கேக்கலை."

டாக்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் கூரையிலிருந்து சொட்டியது.

"நீ சொன்னதையும் கேக்கலை" என்றார் மாஸ்டர். "அன்னைக்கு உன்னையும் கேக்கலை."

கோமதி புழுதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. முன்பானால் இந்த இடத்தில் ஒரு வடையையாவது எடுத்து நீட்டியிருப்பார். இப்போது வெறுங்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"நான் இங்க இருக்கட்டுமா, ஊருக்குப் போகட்டுமா? நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

அவள் திரும்பினாள். பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. நம்பாத மாதிரி பார்த்தாள். மாஸ்டர் பதிலுக்காக நின்றார். அவசரப்படுத்தவில்லை.

பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ரசம் சோறு வேணும். மிளகு தூக்கலா. வேற ஒண்ணும் வேணாம்."

"சரி."

"நான் போதும்னா போதும்."

"சரிம்மா."

"ஊருக்கெல்லாம் போக வேணாம்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "லேகியம் கொடுத்தாராம் லேகியம்" என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"எங்கப்பாவுக்கு அப்படி என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க, டாக்டர்?"

டாக்டர் ஜன்னல் விளிம்பிலிருந்து திராட்சைச் சம்புடத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கொடுக்கலையே, கோமதி. அவர் கையில இருந்ததை வாங்கித்தான் வெச்சிருந்தேன்."